வெறுங்கால் குற்றம்

செருப்பில்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றமா என்று நான் யாரிடமும் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு "வாய்க்கு வந்தபடி சொல்லப்படாது, புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிற ஆசிரியை நான். அப்படிப்பட்ட நான், யாரோ சொன்னார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இரண்டு வருடம் கார் ஓட்டினேன். அந்த மடத்தனத்தின் பலன் என் தலையோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

கார் என் கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது. சின்ன வெள்ளைக் கார், மூன்று கை மாறி வந்தது. அவரோ அதை எனக்கு ஒப்படைத்த விதத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் கப்பலில் இருந்து இறங்கியது என்று நினைப்பீர்கள். "உள்ளுக்கு மண் படக்கூடா. செருப்பக் கழட்டிட்டு ஏறு. வீடு மாதிரி வெச்சிக்க" என்று வட்ஸ்அப்பில் ஒரு பிரசங்கம். மருதமுனையில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவளிடம் மண் படக்கூடாது என்றால் என்ன செய்வது? காலைத் தட்டித் தட்டி ஏறப் பழகினேன். எங்கள் ஊரில் யாரும் செருப்போடு வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். கார் வாங்கின புதிதில் காருக்கும் அதே மரியாதைதான். மற்றவர்களுக்கு அது இரண்டு மாதத்தில் விட்டுப்போகும். எனக்கு விடவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. வெறுங்காலோடுதான் எனக்குக் கார் ஓட்ட வந்தது. செருப்பைப் போட்டால் அபாயாவின் விளிம்பு குதியில் மாட்டும், பிரேக் எது அக்சிலேட்டர் எது என்று கால் தடுமாறும். கழற்றிவிட்டால் பெருவிரல் தானாகவே எல்லாவற்றையும் தேடிக்கொள்ளும்.

ஓட்டப் பழக்கிய மாஸ்டர் முதல் நாளே சொன்னார். "மிஸ், சப்பாத்துப் போட்டுப் பழகுங்க. வெறுங்காலோட ஓட்டினா பொலிஸ் கேஸ் போடும்." ஆசிரியர் அறையில் இதை நான் சொன்னபோது ஒருத்தி, "கேஸ் மட்டுமா? லைசன ஆறு மாசத்துக்குப் பறிப்பாங்களாம்" என்றாள். இன்னொருத்தி தன் மச்சானின் கூட்டாளியைக் கோர்ட்டுக்கு இழுத்த கதையை விலாவாரியாகச் சொன்னாள். அந்தக் கூட்டாளியை ஒருவரும் கண்டதில்லை. அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. கேட்டால் "ஏன், நீ அப்பிடியா ஓட்டுற?" என்று திருப்பிக் கேட்பார்களே.

ஆகவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்குக் கீழே போட்டுக்கொள்வேன். தூரத்தில் காக்கி தெரிந்தால் காரை ஓரங்கட்டி, போன் கதைப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு குனிந்து மாட்டிக்கொள்வேன். பொலிஸைத் தாண்டியதும் மறுபடி கழற்றிவிடுவேன். ஒருநாள் கல்முனைச் சந்தைக்கு முன்னால், வீட்டு வாசலில் விடுகிற ஞாபகத்தில், தார் ரோட்டிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது ஒரு மரக்கறிக்காரர் அதை ஜோடியாகத் தன் பலகைக்குக் கீழே எடுத்து வைத்திருந்தார். "பள்ளிவாசலுக்குள்ள போற மாதிரியா மிஸ் காருக்குள்ள போற?" என்று கேட்டார். தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் பொலிஸ் பயம் சிரிக்கிற விஷயம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து எங்கள் ரோட்டில் யாராவது யாரையாவது மறித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாப்பாவை பஸ்ஸிலிருந்து இறக்கி வெயிலில் வரிசையில் நிறுத்தியதை ஜன்னலால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம், நாட்டில் எங்கேயோ குண்டு வெடித்ததற்கு, அபாயா போட்ட ஒவ்வொருத்தியையும் இறக்கி முகத்தைப் பார்த்தார்கள். அந்த நாட்களில் என் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். காக்கிச் சட்டையைக் கண்டால் நான் ஒன்றும் செய்திருக்காவிட்டாலும் கை அடையாள அட்டையைத் தேடும். ஏதாவது செய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

தங்கச்சி என் வளவுக்குள்தான் இருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த இரண்டு வீடும் ஒரே வளவு, நடுவில் கிணறு, ரோட்டுப் பக்கம் ஆளுக்கொரு கேற். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். கல்யாணம் முடித்து ஏழு வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. போகாத டொக்டர் இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. ஒவ்வொரு கலியாண வீட்டிலும் "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்கிற வாய்களுக்கு அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள். எட்டாவது வருடம் அல்லாஹ் கொடுத்தான். அவளை நிலத்தில் நடக்க விடவில்லை நான்.

ஒன்பதாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடப்பதாக டொக்டர் சொன்னார். திங்கட்கிழமை கல்முனை ஆஸ்பத்திரியில் அனுமதித்து ஒபரேஷன் செய்வதாக நாள் குறித்தார். அதற்கு முன்னர் வலி தொடங்கினாலோ தண்ணீர்க்குடம் உடைந்தாலோ ஒரு நிமிடம்கூடச் சுணங்கக்கூடாது, உடனே கொண்டு வரவேண்டும், இந்த மாதிரிப் பிள்ளைக்கு நேரம்தான் உயிர் என்றார். அவர் அதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், ஏனென்றால் அவள் கணவர், என் மச்சான், கொழும்பில் துணிக் கடையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். "கார் இருக்கு டொக்டர், பத்து நிமிசத்தில வந்திருவன்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வியாழக்கிழமை காலை. சுபஹு தொழுது, சமைத்து, பாடசாலைக்கு உடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் நின்று "ராத்தா" என்று கூப்பிட்டாள். சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால், அவளுடைய காலடியில் சீமெந்து நனைந்து கிடந்தது. அவள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவில்லை.

நான் ஓடினேன். அவளைப் பின் சீட்டில் ஏற்றிச் சாய்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையை எடுத்தேன், கிளினிக் கொப்பியை எடுத்தேன், தண்ணீர்ப் போத்தலைக்கூட எடுத்தேன். செருப்பு வீட்டு வாசற்படியிலேயே கிடந்தது. அதை நான் நினைக்கவே இல்லை.

பெரிய ரோட்டில் ஏறியபோது ஏழு மணி தாண்டிவிட்டது. பள்ளிக்கூட நேரம், சைக்கிளும் வேனுமாக ரோடு நிறைந்திருந்தது. பாண்டிருப்பு வந்தது. தங்கச்சி பின்னால் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மெதுவாக ஓதிக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம், ஐந்தே நிமிடம் என்று அவளுக்கும் எனக்குமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முன்னால் வாகனங்கள் வேகம் குறைத்தன. எட்டிப் பார்த்தேன். ரோட்டு நடுவில் இரண்டு பொலிஸ்காரர்.

கை தானாகப் பக்கத்து சீட்டுக்குக் கீழே போனது. ஒன்றுமில்லை. இன்னும் உள்ளே துழாவினேன். பை இருந்தது, குடை இருந்தது. செருப்பு இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறிப்பார்கள். குனிந்து பார்ப்பார்கள். லைசனை வாங்குவார்கள். இறங்கச் சொல்வார்கள், ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார்கள், எனக்கு அரைகுறைச் சிங்களம், விளங்கப்படுத்துவதற்குள் அரை மணித்தியாலம். காரை வைத்துக்கொண்டு என்னை மட்டும் கொண்டுபோனால் தங்கச்சியை யார் ஓட்டிக்கொண்டு போவது? பொலிஸிடம் மாட்டினால் பிள்ளை போய்விடும் என்றே எனக்குத் தோன்றியது. வலப்பக்கம் வயலை நோக்கி ஒரு கொங்கிரீட் ஒழுங்கை போனது. அதால் போய் வாய்க்கால் கரையைப் பிடித்தால் கல்முனைக்குப் பின்பக்கத்தால் ஏறலாம் என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகம். மறுபடியும் யாரோ சொன்னது. சிக்னல்கூடப் போடாமல் திரும்பினேன்.

"எங்க ராத்தா போற?" என்றாள் தங்கச்சி.

"பெரிய ரோட்டு அடைச்சிருக்கு புள்ள. இதால சுறுக்காப் போகலாம்."

அதுதான் முதல் பொய். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கொங்கிரீட் முடிந்து சரளைக் கிறவல் தொடங்கியது. குழிக்குக் குழி கார் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளாமை வெட்டி முடிகிற காலம். இரண்டு பக்கமும் வெட்டின வயல், மனித நடமாட்டம் இல்லை. வாய்க்கால் கரையில் ஏறி ஒரு வளைவு திரும்பினால், ரோட்டைக் காணவில்லை. ஓரத்துக்கு ஓரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். பெரிய ரோட்டில் காயப் போடுகிறவர்கள் பாதியை விட்டுக் கல் அடுக்கி வைப்பார்கள். இது வாகனம் வராத பாதை, முழுவதையும் மூடியிருந்தார்கள். அந்த முனையில் ஒரு லேண்ட்மாஸ்டர், இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம், இழுவைப் பெட்டியோடு நின்றது.

பிரேக்கை மிதித்தேன். திரும்பிப் போக இடமில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம். அப்போதுதான் தங்கச்சி முதன்முறையாகக் கத்தினாள். அந்தக் கத்தலை நான் இங்கே எழுத முயலமாட்டேன்.

இறங்கி நெல்லுக்கு மேலால் ஓடினேன். ஒரு கணவனும் மனைவியும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்கள். நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழ் ஆட்கள். என் முகத்தைப் பார்த்ததும் அந்த அக்கா கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். நான் சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கியிருக்காது. காருக்குள் எட்டிப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது.

"நெல்லுக்கு மேலால ஏத்துங்க தங்கச்சி!" என்று அந்த அண்ணன் கத்தினார். "நெல்லு கிடக்கட்டும், ஏத்துங்க!"

வருடம் முழுக்கப் பாடுபட்ட நெல்லின்மேல் டயரை ஏற்றினேன். பத்துப் பதினைந்து முழம் போயிருப்பேன். நெல்லில் டயர் பிடிக்கவில்லை, வழுக்கியது. நான் பதறி ஸ்டியரிங்கை ஒடித்தேன், கால் அக்சிலேட்டரில் இறங்கியது, காரின் பின்பக்கம் தானாக வாய்க்கால் பக்கம் நகர்ந்தது. வெறுங்கால், பெருவிரல், எதுவும் உதவவில்லை. ஒரு டயர் கரையை விட்டு இறங்கியது, கார் சரிந்தது, தங்கச்சி கதவில் போய் மோதினாள். வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு இருந்திருக்கும். கார் விழவில்லை. விழாமல் அப்படியே சரிந்து நின்றது.

"ராத்தா, புள்ள போயிருமா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. அல்லாஹ் இருக்கான்" என்றேன். அந்த நேரத்தில் அல்லாஹ்விடம் நான் கேட்டது வேறு. என்னை எடுத்துக்கொள், இவர்களை விட்டுவிடு என்று கேட்டேன்.

நாங்கள் மூன்று பேருமாக அவளை மேல்பக்கக் கதவால் தூக்கி எடுத்தோம். லேண்ட்மாஸ்டர் பெட்டியில் வெறுஞ்சாக்குகளைப் பரப்பி, அந்த அக்கா உட்கார்ந்து அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். நான் தங்கச்சியின் கால்மாட்டில் குந்தினேன். அண்ணன் ஹேண்டிலைப் பிடித்து, சரிந்த காருக்கும் பள்ளத்துக்கும் நடுவால் இயந்திரத்தை நாங்கள் வந்த பக்கமாக ஓட்டினார். லேண்ட்மாஸ்டர் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் முந்திப் போகும். அந்த இரைச்சலுக்குள் தங்கச்சி கத்துகிறாளா, ஓதுகிறாளா என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருதடவை அவள் வாய் அசையவில்லை. "கதை புள்ள, கதை!" என்று அவளுடைய காலைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன் புள்ள இந்தப் பக்கத்தால வந்த?" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டாள். "பெரிய ரோட்டு நல்லாத்தானே கிடக்கு."

நான் தங்கச்சியின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வந்த அதே ஒழுங்கையால் வெளியே வந்தோம். பெரிய ரோட்டில், நான் எவர்களுக்குப் பயந்து திரும்பினேனோ அந்த இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். சாக்கின்மேல் கிடந்தவளைக் கண்டதும் வயதான பொலிஸ் சார்ஜன்ட் விசிலை ஊதிக்கொண்டு ரோட்டின் நடுவில் பாய்ந்தார். ஒரு கையால் பஸ்ஸை நிறுத்தினார், மறு கையால் ஒரு வேனை மறித்தார், வேனுக்குள் இருந்த ஆட்களை இறங்கச் சொன்னார். தங்கச்சியைத் தூக்கி ஏற்றியதும் தானும் முன் சீட்டில் ஏறி, ஆஸ்பத்திரி வரை கையை வெளியே நீட்டி வழி விலக்கிக்கொண்டே வந்தார். நான்கு நிமிடமும் ஆகவில்லை. முதலில் நான் புறப்பட்ட நேரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது.

ஒபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் கிறவல் குத்தி இரத்தமும் சேறுமாக இருந்தது. பொலிஸ் சார்ஜன்ட் வந்து எதிரில் நின்றார், கையில் குறிப்புப் புத்தகம். கார் வாய்க்காலில் கிடக்கிறது என்று அந்த அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாய் திறப்பதற்கு முன் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சேர், நான் செருப்பில்லாமத்தான் ஓட்டின. ஒத்துக்கொள்றன். என்ன வேணுமெண்டாலும் எழுதுங்க. தங்கச்சி வெளிய வாறவரைக்கும் மட்டும் என்னை இங்க இரிக்க விடுங்க."

அவர் என் முகத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செருப்பா? அதுக்கு என்ன மிஸ்?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"அது கேஸ்தானே சேர்?"

"யாரு சொன்னது? முப்பது வருசம் சேவிஸ். நான் அப்பிடி ஒரு கேஸ் போட்டது இல்ல, அப்பிடி சட்டம் கேட்டதும் இல்ல." பிறகு அவருக்கு ஏதோ பிடிபட்டது. "மிஸ், எங்களக் கண்டா அந்தப் பக்கம் திருப்பினது?"

நான் தலையைக் குனிந்தேன்.

"நாங்க வாகனம் ஒண்டும் நிப்பாட்டி செக் பண்ணல்லயே" என்றார் மெதுவாக. "ஸ்கூல் புள்ளைங்க ரோட்டு மாறுறதுக்கு நிண்டது. மிஸ் ஒரு ஹோன் அடிச்சா, கைய வெளிய காட்டினா, நாங்கதான் வழி எடுத்துக் குடுப்பமே."

அவர் குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னர் நான் வீதிச் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி வரிவரியாகத் தேடினேன். என் கண்ணில் அப்படி ஒன்றும் படவில்லை. என் வகுப்புப் பிள்ளையின் வாப்பா ஒரு சட்டத்தரணி, அவரையும் கேட்டேன். செருப்பைப் பற்றித் தனியாகச் சட்டம் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றும், கால் வழுக்கி யாரையாவது இடித்தால் கவனயீனமாக ஓட்டியதாக வழக்கு வரலாம் என்றும் சொன்னார். கேட்க எடுத்த நேரம் ஒரு நிமிடம்.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வந்திருந்தா நல்லம்" என்று டொக்டர் சொன்னார், குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் என்ன தின்றேன், எங்கே படுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பன்னிரண்டாம் நாள் பிள்ளையைத் தங்கச்சியின் கையில் கொடுத்தார்கள்.

ஊருக்குள் என் பெயர் பரவியது. ரோடு அடைத்திருக்க, வயலுக்குள்ளால் கொண்டுபோய்த் தங்கச்சியையும் பிள்ளையையும் காப்பாற்றியவள் நான். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளையின் நாற்பதாம் நாளுக்கு வந்த பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் சொன்னேன். நெல்லைப் பற்றிச் சொன்னேன், லேண்ட்மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். ரோடு எதனால் அடைத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அண்ணனையும் அக்காவையும் தேடிப் போய் நசிந்த நெல்லுக்கு ஏதாவது கொடுக்கப் பார்த்தேன். அவர்கள் வாங்கவில்லை, பிள்ளை சுகமா என்று மட்டும் கேட்டார்கள்.

பிள்ளை சுகமா? அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. அவன் பிந்தித் தவழ்ந்தான். பிந்தி நடந்தான். இரண்டு வயதாகியும் "உம்மா" என்ற ஒரு சொல்லோடு நின்றான். சில பிள்ளைகள் சுணங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். தங்கச்சியும் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். அவன் ஒரு சாமானை எடுக்கக் கை நீட்டினால் கை நேராகப் போகிறதா என்று பார்ப்பேன். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பேன். அவனிடம் தெரிகிற ஒவ்வொரு சுணக்கமும் அந்த ஒரு மணித்தியாலத்தில் இருந்து வந்ததுதானோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுடைய குசினிக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், ஒன்றையும் விடாமல்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "அப்ப ரோட்டு அடைச்சிருக்கல்லயா?"

"இல்ல."

"பொலிஸ் உன்ன மறிச்சதா?"

"இல்ல."

"செருப்புக்காகவா ராத்தா?"

"ஓம்."

அவள் துருவிய தேங்காயைக் கோப்பையில் தட்டினாள். சிரட்டையைப் பக்கத்தில் வைத்தாள். நான் அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தட்டும் என்றுதான் போயிருந்தேன். ஏழு வருடத்தையும் பதினொரு நாளையும் என் முகத்தில் வீசட்டும் என்று நின்றேன்.

"தேத்தண்ணி இரிக்கி. குடிச்சிட்டுப் போ" என்றாள்.

அன்றைக்கும் பேசினாள், அடுத்த நாளும் பேசினாள். கறி செய்தால் ஒரு கோப்பை கிணற்றைத் தாண்டி வந்தது. மச்சானிடம் அவள் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன்.

போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் அவனுடைய அழுகைச் சத்தம் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வந்தது, இடையில் தங்கச்சியின் பதறின குரலும் வந்தது. நான் அடுப்பை நிறுத்தினேன். இப்போதெல்லாம் நான் கார் ஓட்டுவதற்கென்றே ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து வைத்திருக்கிறேன்; கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். சாவியை எடுத்தேன். கேற்றைத் திறந்து, காரின் பின் கதவைத் திறந்து வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வெளியே வந்து நின்றேன்.

அவளுடைய கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். ஓட்டோ என்னுடைய கேற்றைக் கடந்துதான் போகவேண்டும். கடக்கும்போது அவள் என்னைப் பார்த்தாள், கோபமே இல்லை. பிள்ளையின் தலையை மட்டும் இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சப்பாத்துப் போட்டிரிக்கன் புள்ள!" என்று நான் பின்னால் கத்தினேன். "சப்பாத்துப் போட்டுத்தான் ஓட்டுறன்!"

ஓட்டோ பெரிய ரோட்டில் ஏறிப் போனது.